தொட்டிக்குள் ஒரு பிடி கடல்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் எங்கள் ஜெலுத்தோங் வீட்டு உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். 2 அடித் தொட்டி, 2 கிளவுன் மீன், 1 கோபி, கொஞ்சம் பவளம், அவ்வளவுதான் அது. பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை முழுதாகப் பதில் எழுதியிருக்கிறேன். பேர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

அக்கா, 14-வது மாடியில் வாடகை வீடு. பவளத் தொட்டிக்காக 2,500 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் முதலில் நல்ல லைட் வாங்கச் சொல்கிறார்கள். நீங்கள் எதை முதலில் வாங்கச் சொல்வீர்கள்?
– செந்தூல் வாசகர்

தம்பி, லைட்டைக் கடைசியாக வாங்குங்கள். தொட்டியில் தண்ணீர் ஊற்றி, பாறை வைத்து, கழிவை மாற்றுகிற பாக்டீரியா அதில் பிடித்து முடிய ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும், அதுவரை லைட்டுக்கு வேலையே இல்லை, எரிய விட்டால் பாசிதான் வளரும். அந்த நாட்களில் இன்னும் கொஞ்சம் பணமும் சேர்ந்துவிடும்.

முதல் செலவு தண்ணீருக்கு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், கொஞ்சம் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் இருக்கும், பழைய குழாய் என்றால் செம்புகூட இருக்கலாம். நாம் குடித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் செம்பு இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். அதனால் தண்ணீரில் கரைந்திருப்பதையெல்லாம் நீக்குகிற ஆர்.ஓ.டி.ஐ. வடிகட்டி வேண்டும். வாடகை வீட்டில் குழாயில் கை வைக்க முடியாது என்றால் பாத்ரூம் குழாயில் மாட்டி எடுக்கிற சின்ன செட் கிடைக்கிறது. 1 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 3, 4 லிட்டர் கழிவாகப் போகும், அதைப் பிடித்து வைத்து வீடு துடைக்கலாம், துணி அலசலாம். கடைத்தெருவில் இருக்கும் தண்ணீர் மெஷினில் பிடித்து வந்தும் சிலர் ஓட்டுகிறார்கள், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஆனால் தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற ஒரு டி.டி.எஸ். மீட்டர் கையில் இருக்க வேண்டும். ஒரே மெஷின் இந்த வாரம் 5 காட்டும், வடிகட்டி மாற்றாமல் விட்டிருந்தால் அடுத்த மாதம் 60 காட்டும். நமக்கு வேண்டியது 0, அல்லது அதை ஒட்டி.

அடுத்தது ரிஃப்ராக்டோமீட்டர். உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்கிறதா என்று பார்க்கிற கருவி. ஆடும் முள் வைத்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்ப வேண்டாம், ஒரு சின்னக் குமிழி முள்ளில் ஒட்டிக்கொண்டாலே அளவு மாறிப்போகும். ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் தண்ணீரை வைத்துச் சரிபார்க்காமல், 35 பி.பி.டி. என்று விற்கிற திரவத்தை வாங்கி அதில் சரிபாருங்கள். 0-வில் சரியாகக் காட்டுகிற கருவி 35-ல் தப்பாகக் காட்டலாம்.

தொட்டி 60 × 45 × 45 செ.மீ. எடுங்கள். மேலே இடம் விட்டு, பாறை, மணல் போனது போக உள்ளே நிஜமாக நிற்பது 100 லிட்டர் தண்ணீர்தான், இதை நினைவில் வைத்துக்கொண்டால் எல்லாக் கணக்கும் சுலபம். இதைவிடச் சின்னது வாங்கினால் செலவு குறையும் என்று தோன்றும், ஆனால் 30 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலே மறுநாளைக்குள் எல்லாம் கெட்டுவிடும், 100 லிட்டரில் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கும். கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 180, 200 கிலோ வரும். சுவரை ஒட்டி வையுங்கள், வெயில் விழும் ஜன்னல் பக்கம் வேண்டாம், பால்கனியில் வேண்டவே வேண்டாம்.

தண்ணீரை ஓட்ட மணிக்கு 2,000 லிட்டர் தள்ளுகிற வேவ்மேக்கர் ஒன்று போதும். ஸ்கிம்மர், அதாவது காற்றுக் குமிழி விட்டுக் கழிவை நுரையாக எடுக்கிற கருவி, இப்போதைக்கு வேண்டாம். வாரம் 10 லிட்டர் தண்ணீர் மாற்றுகிற ஆள் என்றால், 2, 3 சின்ன மீன் உள்ள தொட்டி அது இல்லாமலே ஓடும். 1961-லேயே ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடல் பாறை, காற்றுக் குமிழி, சூரிய வெளிச்சம் இவற்றை மட்டும் வைத்து மீனும் பவளமும் வளர்ப்பதைப் பற்றி ஓர் அமெரிக்க மீன் இதழில் எழுதினார். அவர் தொட்டியில் வேலை செய்தது பாறையில் குடியிருந்த பாக்டீரியாதான். இன்றைக்கும் அதுதான் நம் ஃபில்டர். ஆனால் கடலிலிருந்து பாறை எடுக்க வேண்டிய காலம் இல்லை இது, காய்ந்த பாறையும் பாட்டில் பாக்டீரியாவும் வாங்குங்கள், 10, 12 கிலோ பாறை போதும். மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0-வுக்கு வந்து நைட்ரேட் தெரிய ஆரம்பித்த பிறகுதான் முதல் மீன்.

பழைய சாமான் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். லைட், ஸ்டாண்ட், சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கிற மெஷின்) வாங்கலாம். மீனுக்குச் செம்பு மருந்து போட்ட தொட்டியையும் பாறையையும் மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. பிளக் பாயிண்டுக்குப் போகிற ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும், அப்போதுதான் ஒயரில் வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டு மெயின் பெட்டியில், கரண்டு கசிந்தால் தானே விழுகிற இ.எல்.சி.பி. சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். உப்புத் தண்ணீரும் கரண்டும் சேருகிற இடம், இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

விசிறி வைத்தால் போதும் என்கிறார் ஒருவர், சில்லர் இல்லாமல் முடியாது என்கிறார் இன்னொருவர். எங்கள் வீட்டில் மத்தியானம் தொட்டித் தண்ணீர் 31 டிகிரி வருகிறது. எது சரி அக்கா?
– பட்டர்வொர்த் வாசகி

இரண்டு பேரும் அவரவர் வீட்டை வைத்துச் சொல்கிறார்கள் அம்மா. விசிறி எப்படிக் குளிர வைக்கிறது என்று பார்த்தால் பதில் வந்துவிடும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, மண் பானையில் தண்ணீர் சில்லென்று இருக்கிற அதே கதை. காற்று காய்ந்த ஊரில் இது நன்றாக வேலை செய்யும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய, அதனால் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும், 2 அல்லது 3 டிகிரி இறங்கும், அதற்கு மேல் எத்தனை விசிறி வைத்தாலும் பெரிதாக இறங்காது. நல்லபடி இறங்கினால் உங்கள் 31 அப்போது 28-க்கு வரும். மெதுபவளங்கள், காளான் பவளம், சோவாந்தஸ் இவை 28-ஐத் தாங்கும். கிளைக் கிளையாக வளரும் அக்ரோபோரா வகைக்கு ஆசைப்பட்டால் சில்லர்தான்.

31-ஐ அப்படியே விடக் கூடாது. பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது, நிறமும் பெரும்பாலும் அதனால்தான். சூடு சில வாரங்களுக்கு நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். கடலிலேயே, கோடையில் வழக்கமாக இருக்கும் அதிகபட்சச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி அப்படியே நீடித்தால் வெளுக்க ஆரம்பிக்கிறது. 2010-ல் தியோமான், ரெடாங் பக்கம் இப்படி வெளுத்ததால் சில முக்குளிப்பு இடங்களைக் கொஞ்ச நாள் மூடியே வைத்தார்கள். அத்தனை பெரிய கடலுக்கே அந்த நிலைமை என்றால், 100 லிட்டருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விசிறி வைத்தால் கூடவே ஒரு கடமையும் வருகிறது. ஒரு நாளைக்கு 2 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு மட்டும் தொட்டியிலேயே நிற்கும். 3 நாள் நீங்கள் கவனிக்காமல் விட்டால் 35 இருந்த உப்பு 37-ஐத் தாண்டிவிடும். அதனால் ஆட்டோ டாப்-அப் கருவி வாங்குங்கள், மட்டம் இறங்கினால் தானே தண்ணீர் ஊற்றும். அதன் வாளியில் வடிகட்டிய நல்ல தண்ணீர் மட்டும், உப்பு கலந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், புதிதாக வைப்பவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு அதுதான்.

சில்லர் வாங்கினால் கரண்டு கணக்கையும் பார்த்துவிடுங்கள். 150 வாட் சில்லர் நாளில் பாதி நேரம் ஓடினால் 1.8 யூனிட், மாதத்துக்கு 54 யூனிட். அதைக் கேபினெட்டுக்குள் வைத்து மூடாதீர்கள், அது வெளியே விடும் சூட்டை அதுவே திரும்ப இழுத்துக்கொண்டு நிற்காமல் ஓடும்.

இன்னும் ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. தொட்டி படுக்கை அறையில் இருக்கிறது, ராத்திரி ஏர்கான் போடுகிறோம், தண்ணீர் 24-க்கு இறங்குகிறது, காலையில் ஏர்கானை அடைத்துவிட்டு வேலைக்குப் போகிறோம், மூன்று மணிக்கு 30. தினமும் இந்த 6 டிகிரி ஏற்ற இறக்கம், நாள் முழுக்க ஒரே மாதிரி 28 இருப்பதைவிட மோசம். அப்படிப்பட்ட அறையில், இந்த ஊரில் எதற்கு என்று தோன்றினாலும், 26-ல் வைத்த ஒரு சின்ன ஹீட்டர் வேண்டும். ராத்திரி இறங்காமல் அது பிடித்துக்கொள்ளும், பகலுக்கு விசிறி.

பத்து பெரிங்கியில் வீடு, கடல் எதிரிலேயே இருக்கிறது. உப்பு வாங்காமல் கடல் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாமே? போகிறபோது ஒரு பவளக் கல்லும் எடுத்து வந்தால் என்ன?
– பத்து பெரிங்கி வாசகர்

ஐயா, எதிரில் கடலை வைத்துக்கொண்டு உப்பைக் காசு கொடுத்து வாங்குவது கஷ்டமாகத்தான் இருக்கும், புரிகிறது. ஆனால் நம் கரையோரத் தண்ணீர் பவளத்துக்கு ஏற்றதில்லை. சேறு கலங்கிய தண்ணீர், ஆறும் கால்வாயும் வந்து விழுகிற இடம், நல்ல மழை பெய்தால் உப்பும் இறங்கிவிடும், இன்று எடுத்த வாளியும் அடுத்த வாரம் எடுத்த வாளியும் ஒரே மாதிரி இருக்காது. செயற்கை உப்பு 10 லிட்டருக்கு 370 கிராம் அளவில் ஆகும், பிராண்டைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும், ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து 35-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். முதல் நாளே கலந்து, ஒரு சின்ன மோட்டார் போட்டு ஓடவிட்டு, மறுநாள் ஊற்றுங்கள்.

பவளத்தை எடுக்க வேண்டாம் ஐயா. பாயார் தீவு மாதிரி கடல் பூங்காக்களில் அனுமதி இல்லாமல் பவளம் எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கல் பவளங்கள் எல்லாம் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பவை, நாடு விட்டு நாடு கொண்டு போகவும் அனுமதித் தாள் வேண்டும். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், நீங்கள் கையளவு உடைத்து எடுக்கிற துண்டு வளர எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! வளர்க்கிறவர்கள் தங்கள் தொட்டியில் வெட்டி ஒட்டி வளர்த்துத் தருகிற சின்னத் துண்டுகள் கிடைக்கின்றன. அவை தொட்டி லைட்டுக்கும் தொட்டித் தண்ணீருக்கும் பழகினவை, நன்றாகப் பிடித்துக்கொள்ளும். என் தொட்டியில் இருப்பது எல்லாமே அப்படி வந்ததுதான், ஒரு துண்டிலிருந்து வளர்ந்ததை வெட்டி நான் இதுவரை எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் தாமானில் டெங்கிக்காகப் புகை அடித்தார்கள். மறுநாள் காலையில் தொட்டியில் இருந்த 3 இறாலும் செத்துக் கிடந்தன. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. புகைதான் காரணமா?
– செராஸ் வாசகி

புகையாகத்தான் இருக்கும் அம்மா. இந்தக் கடிதத்தைப் படித்தபோது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் எனக்கும் இதே நடந்தது. 4 வருஷம் வளர்த்த கிளீனர் இறால், நான் வந்து கையை உள்ளே விட்டால் விரலில் ஏறி நகத்தைச் சுத்தம் பண்ணும். ஒரு சாயங்காலம் தெருவில் புகை அடித்தார்கள், நான் ஜன்னலை மூடினேன், தொட்டியை மறந்துவிட்டேன். காலையில் மல்லாக்கக் கிடந்தது.

கொசுவுக்கு அடிக்கிற மருந்து பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. கொசுவும் இறாலும் நண்டும் ஒரே பெரிய குடும்பம், கணுக்காலிகள், அதனால் ஒன்றைக் கொல்வது மற்றதையும் கொல்லும். மீனுக்கும் அது கடும் விஷம், மிகச் சின்ன அளவே போதும். நம் தொட்டி வேறு சும்மா இருப்பதில்லை, காற்று மோட்டாரும் ஸ்கிம்மரும் அறைக் காற்றை இழுத்து இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக அடித்துக்கொண்டே இருக்கின்றன, புகையை நாமே உள்ளே பம்ப் செய்கிற மாதிரி.

புகை வண்டிச் சத்தம் கேட்டவுடன் செய்ய வேண்டியது இது. ஜன்னலை மூடுங்கள். ஸ்கிம்மரையும் காற்று மோட்டாரையும் விசிறியையும் நிறுத்துங்கள், வேவ்மேக்கர் மட்டும் ஓடட்டும். தொட்டியின் மேலே கிளிங் ராப் பிளாஸ்டிக் இழுத்து மூடி, அதன்மேல் ஈரத்துண்டு போடுங்கள். சம்ப் (கீழே வைக்கிற துணைத் தொட்டி) இருந்தால் அதையும் மூட வேண்டும், எல்லோரும் மறப்பது அதைத்தான். 1 மணி நேரம் இப்படி இருந்தால் 2, 3 சின்ன மீனுக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் எல்லா ஜன்னலையும் திறந்து, வீட்டில் வாடை போன பிறகு துண்டை எடுங்கள். தண்ணீர் மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி தெரிந்தால் கிச்சன் டிஷ்யூவை மேலே படுக்க வைத்து உறிஞ்சி எடுங்கள். புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள், 20 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். உங்கள் தொட்டிக்கும் இப்போதே இந்தக் கடைசி இரண்டையும் செய்துவிடுங்கள், நாளைக்கு மறுபடியும் கார்பன் மாற்றுங்கள். புது இறால் வாங்க ஒரு மாதமாவது பொறுங்கள்.

கொசுவர்த்தி, சுவரில் செருகுகிற திரவ மருந்து, கரப்பான் ஸ்ப்ரே எல்லாம் இதே சாதிதான், தொட்டி இருக்கும் அறையில் எதுவும் வேண்டாம். சாம்பிராணி போடலாமா என்று வேறு இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அது பூச்சி மருந்து மாதிரி இல்லை, ஆனால் மூடிய அறையில் போடுகிற புகை தண்ணீரில் கலக்கும், கரிமில வாயு கூடி பி.எச். இறங்கும். சாமி அறை வேறு பக்கம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரத்துக்கு ஜன்னலைத் திறந்து வைத்து, ஸ்கிம்மரை அரை மணி நிறுத்திவிடுங்கள். மஞ்சள், விபூதி, சோப்பு எதுவும் கையில் இல்லாமல் கழுவிவிட்டுத்தான் தொட்டிக்குள் கையை விட வேண்டும், அது எல்லா நாளுக்கும்.

ஹாமர் பவளமும் டார்ச் பவளமும் ஒரு மாதமாகச் சுருங்கியே இருக்கின்றன. கால்சியம் 410, மெக்னீசியம் 1,300, நைட்ரேட் 5. ஆல்கலினிட்டி மட்டும் 6.2. கால்சியம் நன்றாக இருக்கும்போது ஆல்கலினிட்டி எப்படி இறங்கும்?
– பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்

நல்ல கேள்வி, அளவுகளையும் ஒழுங்காக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், இப்படி அனுப்பினால் பதில் சொல்லவும் சுலபம். பவளம் எலும்பு கட்டும்போது கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் வகைகளின் அளவு, டி.கே.எச். என்ற அலகில் சொல்வது) சேர்த்துத்தான் எடுக்கிறது, ஆனால் 1 டி.கே.எச். ஆல்கலினிட்டிக்குச் சுமார் 7 பி.பி.எம். கால்சியம் என்ற கணக்கில். உங்கள் ஆல்கலினிட்டி 8.2-லிருந்து 6.2-க்கு வந்திருந்தால் கால்சியம் 14 மட்டுமே குறைந்திருக்கும். 424-க்கும் 410-க்கும் உள்ள வித்தியாசம் நம் டெஸ்ட் கிட்டில் தெரியவே தெரியாது. அதனால்தான் சின்னத் தொட்டியில் எதைப் பார்க்காவிட்டாலும் ஆல்கலினிட்டியை வாரம் இரண்டு தடவையாவது பார்க்கச் சொல்கிறேன், முதலில் ஆட்டம் காண்பது அதுதான்.

ஏற்றுவதற்குச் சமையல் சோடாவே போதும், பேக்கிங் பவுடர் இல்லை, சோடியம் பைகார்பனேட் மட்டும் உள்ளது. 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டி.கே.எச். ஏறும். உங்கள் தொட்டியும் 100 லிட்டர் என்றால், 2 ஏற மொத்தம் 6 கிராம், அதை ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். ஒன்றரை கிராம் வீதம் 4 நாள், நல்ல தண்ணீரில் கரைத்து, ஓட்டம் வேகமாக உள்ள இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மாதம் இறங்கி வந்ததை ஒரு ராத்திரியில் ஏற்றினால் பவளத்தின் தசை எலும்பைவிட்டு உரிந்துவிடும், அதற்கு மருந்து இல்லை.

8.2 வந்ததும் எதுவும் போடாமல் 3 நாள், தினமும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் உங்கள் தொட்டியின் பசி. 0.3 இறங்கினால் தினம் 0.9 கிராம் சோடா. 10 லிட்டர் தண்ணீர் மாற்றுவது ஒன்றே இதை ஈடுகட்டும் என்று நம்பாதீர்கள், பவளம் வளர வளரப் போதாது. சோடா ஆல்கலினிட்டியை மட்டும்தான் ஏற்றும் என்பதால் கால்சியத்தை மாதம் இரண்டு தடவை பார்த்து, 400-க்குக் கீழே போனால் அதற்கென்று விற்கும் கால்சியம் குளோரைடைத் தனியாகப் போடுங்கள். டெஸ்ட் கிட்டின் தேதியையும் பாருங்கள், சூட்டில் கிடந்த மருந்து சீக்கிரம் கெடும், தொட்டி லைட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

டோரி மீன் வாங்கித் தர அப்பா சரி என்றுவிட்டார். 2 அடித் தொட்டியில் விடலாமா ஆன்ட்டி?
– புக்கிட் மெர்தாஜாம் மாணவி

வேண்டாம் கண்ணு. கடையில் 5 செ.மீ. இருக்கும், வளர்ந்தால் 30 செ.மீ. வரும், நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கிற மீன், 2 அடியில் திரும்பக்கூட இடம் இருக்காது. ஒரு ஜோடி கிளவுன் மீன் வாங்கச் சொல், பண்ணையில் பிறந்ததாகப் பார்த்து. அது குடியிருக்கிற கடல் சாமந்தி (அனிமோன், பூ மாதிரி இருக்கும் உயிர்) கட்டாயம் இல்லை, சாமந்தி நடமாடும், வேவ்மேக்கரில் போய் மாட்டிக்கொண்டு தொட்டியையே கெடுத்துவிடும். அதற்குப் பதில் ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபியும் ஒரு பிஸ்டல் இறாலும் விட்டுப்பார். கண் சரியாகத் தெரியாத இறால் குழி தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும், இறால் தன் மீசையை எப்போதும் கோபியின் மேல் வைத்துக்கொண்டே வேலை செய்யும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

மூன்றாவது வாரம். மணல் முழுக்கப் பழுப்பு நிறத் தூசி மாதிரி.
– ஆயர் ஈத்தாம் வாசகர்

டயாட்டம், ஒரு வகை நுண்பாசி. எல்லாப் புதுத் தொட்டியிலும் வரும், தானாகப் போகும். மருந்து எதுவும் ஊற்றாதீர்கள்.

பாறையில் கண்ணாடி மாதிரி சின்னச் சின்னச் சாமந்திகள் பெருகிவிட்டன. பாறையை எடுத்துக் கொதிக்க வைத்துவிடலாமா?
– கெப்போங் வாசகர்

கொதிக்க வைக்காதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும், எந்தப் பாறையையும். சோவாந்தஸ், பாலித்தோவா வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது, பாறையில் அது ஒட்டியிருப்பதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கொதிக்கிற ஆவியில் அந்த விஷம் கிளம்பி வீட்டில் உள்ள எல்லோரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. சோவாந்தஸ் வெட்டும்போதும் கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையில் காயம் இருந்தால் அன்றைக்குத் தொடாதீர்கள்.

உங்களிடம் இருப்பது ஐப்டேசியா. நசுக்கினால் அந்தத் துணுக்குகளிலிருந்தே பத்தாக வளரும். சுண்ணாம்புப் பசை மாதிரி விற்கிற கால்க் மருந்தை ஊசியில் எடுத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, அதன் வாயிலேயே வையுங்கள், ஒரு நாளைக்கு நாலைந்து மட்டும். பெப்பர்மின்ட் இறால் இதைத் தின்னும். ஆனால் கடைகளில் அந்தப் பேரில் ஒட்டக இறாலைக் கொடுத்துவிடுகிறார்கள், அது பவளத்தையே கொறிக்கும். உடம்பெல்லாம் பளிச்சென்று வெள்ளைக் கோடும் பெரிய கண்ணும் முதுகில் கூனும் இருந்தால் வாங்காதீர்கள்.

தீபாவளிக்கு 6 நாள் ஈப்போவுக்குப் போகிறோம். தொட்டியை யாரிடம் விடுவது, என்ன சொல்லிவிட்டுப் போவது?
– பங்சார் வாசகி

போவதற்கு 2 வாரத்துக்கு முன்பிருந்தே புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், மீனோ பவளமோ கருவியோ. புது ஆட்டோ டாப்-அப் கருவியைக் கிளம்புகிற அன்று மாட்டிவிட்டுப் போன வீட்டில் தரையெல்லாம் தண்ணீர் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு 2 லிட்டர் ஆவியாகும் என்றால் அதன் வாளியில் 14, 15 லிட்டர் இருக்க வேண்டும், ஒரு நாள் கூடுதலாகவே. நீங்கள் இல்லாதபோது ஏர்கானும் ஓடாது, வீடு பூட்டிக் கிடந்து சூடாகும், அதனால் தொட்டி விசிறியைத் தெர்மோஸ்டாட்டில் மாட்டிவிடுங்கள்.

சாப்பாட்டை ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, தேதி எழுதி, பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள், 6 நாளைக்கு 3 பொட்டலம் போதும், நல்ல ஆரோக்கியமான கிளவுன் மீன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. மீன் சாப்பாட்டு டப்பாவை அலமாரியில் பூட்டி வையுங்கள். அன்பில்தான் போடுவார்கள், ஐயோ பசிக்குமே என்று ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டால் அம்மோனியா ஏறிவிடும்.

அக்டோபர், நவம்பரில் சாயங்காலம் ஆனால் இடி மின்னல். நல்ல இடி ஒன்று விழுந்தால் இ.எல்.சி.பி. விழுந்துவிடும், வீட்டில் ஆள் இல்லை என்றால் தூக்கிவிட யாரும் இல்லை, தொட்டி அசையாமல் நிற்கும், மோட்டார் நின்ற சூட்டுத் தண்ணீரில் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் குறைந்துவிடும். பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டார் ஒன்று வாங்கிப் பிளக்கிலேயே மாட்டி வையுங்கள், கரண்டு போனதும் தானே ஓட ஆரம்பிக்கிற வகை இருக்கிறது. போவதற்கு முன் அந்த அக்காவைக் கூப்பிட்டு மெயின் பெட்டியைத் திறந்து காட்டுங்கள், எந்தச் சுவிட்ச் விழும், எப்படித் தூக்க வேண்டும், தூக்கியும் உடனே மறுபடி விழுந்தால் விட்டுவிட்டு உங்களுக்குப் போன் பண்ண வேண்டும் என்று சொல்லி, ஒரு தடவை அவர் கையாலேயே செய்ய வையுங்கள். வேவ்மேக்கர் சுற்றினால் தண்ணீர் மேல்மட்டம் எப்படி அசையும் என்பதையும் காட்டிவிடுங்கள், தினமும் வாசலில் நின்று அந்த அசைவு இருக்கிறதா என்று மட்டும் அவர் பார்த்தால் போதும்.